அம்சவேணி கொடுத்த நம்பர்

சித்தூர் பஸ் ஸ்டாண்டில் அம்சவேணியைத் தெரியாதவர் வெளியூர்க்காரராகத்தான் இருப்பார். பாலசமுத்திரத்துக்காரி. புருஷன் எத்திராஜ் டிரைவர் வேலைக்குக் குவைத் போனதும், இனி எவன் வயலிலும் குனியமாட்டேன் என்று சித்தூருக்கு வந்து கூடை வைத்தாள். பங்காருபாளையத்து மாங்காயைக் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவித் தருவாள். வாய் நீளம், மனசு பெரிசு. வாயால் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மனசுதான் கெடுத்தது.

பஸ் ஸ்டாண்டில் இலவச வைஃபை வந்தது. சும்மா திறக்காது. செல் நம்பரைப் போட்டால் அதற்கு ஓடிபி வரும், அதைத் தட்ட வேண்டும். தப்புத்தண்டா நடந்தால் ஆளைப் பிடிக்கவாம். நல்ல ஏற்பாடுதான், யார் இல்லை என்றது? ஆனால் இந்தப் பக்கத்துப் பெண்களுக்கு டச் போனைத்தான் குவைத்திலிருந்து புருஷன் அனுப்புவான். சிம்மோ வீட்டில், மாமியார் கையிலிருக்கும் பட்டன் போனில் கிடக்கும். ஓடிபிக்கு எங்கே போவது?

அம்சவேணியிடம் போவார்கள். "போட்டுக்கோம்மா, நம்பர் இன்னா தேஞ்சா போவுது?" என்பாள். வீடியோ காலில் புருஷன் முகம் தெரிந்ததும் அந்தப் பெண்கள் அழுவார்கள். இவளும் எட்டிப் பார்த்து, "இன்னாப்பா, நல்லா துன்றியா?" என்று விசாரிப்பாள். அப்படியே பழகிப்போய், யார் கேட்டாலும் நம்பரைச் சொல்லிவிட்டு, போனைத் திருப்பிக் காட்டினாள். தாகத்துக்குத் தண்ணீர் தருகிற மாதிரிதான் அவளுக்கு.

ஒரு நாள் போலீஸ் வந்தது. புத்தலப்பட்டு நளினியின் முகத்தை ஒட்டி அசிங்கமான படங்கள் செய்து, எவனோ ஊர் முழுக்க அனுப்பியிருந்தான். கம்ப்யூட்டர் கிளாசுக்கு வந்துபோகிற பெண். பஸ் வருகிறவரை மாங்காய் தின்றபடி இவளிடம் கதை பேசுவாள். ஏன் இத்தனை நாளாய் வரவில்லை என்று அம்சவேணி இனிமேல் கேட்கத் தேவையில்லை. நளினி கிணற்றில் விழுந்து செத்திருந்தாள்.

படங்கள் போனது பஸ் ஸ்டாண்ட் வைஃபையிலிருந்து. அதைத் திறந்தது அம்சவேணியின் நம்பர்.

"நம்பர் நீதே கதா? எவரிகிச்சாவு, செப்பு!" என்று எஸ்.ஐ. தெலுங்கில் அதட்டி மேசையைத் தட்டினார்.

நம்பரை யாருக்குக் கொடுத்தாள் என்று சொல்வாள்? ஆயிரம் பேர் கேட்டார்கள், ஆயிரம் பேருக்கும் கொடுத்தாள். இவள் செய்யவில்லை என்று அவருக்கும் தெரிந்தது. திட்டித் தீர்த்து அனுப்பிவிட்டார். கையில் இருந்த ஒரே பிடி இவள் நம்பர்தான், அதற்கப்புறம் கேஸ் நகரவில்லை. கேட்டவர் முகத்தை நிமிர்ந்து ஒரு தடவை பார்த்திருக்கலாம். பாவி, இவள் அதைக்கூடச் செய்யவில்லை.

அதன் பிறகு நளினியின் அம்மா பத்மாவதி வந்தாள். அடிப்பாள் என்று நினைத்தாள் அம்சவேணி. அடித்திருந்தால் தேவலை. பத்மாவதி கூடைப் பக்கத்தில் உட்கார்ந்து, இவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"படம் போனது கங்கம்மா ஜாத்திரைக்கு மொத நாளு சாயங்காலமாம், போலீசு சொன்னாங்க. உன் கிட்டத்தான வந்து நின்னான்? மூஞ்சி எப்டிகீதுன்னு மட்டும் சொல்லு தாயி."

திருவிழாவுக்கு முதல் நாள் என்றதும் அம்சவேணிக்கு ஞாபகம் வந்துவிட்டது. புது வளையல். பச்சை வளையல். "ஜாத்திரைக்கு வாங்கனேன் அத்தே, நல்லாகீதா?" என்று நளினி கையை நீட்டினாளே, அந்தச் சாயங்காலம்!

"அக்கா, நான் அவன் மூஞ்சியப் பாக்கல" என்றாள். "உன் பொண்ணுக்குத்தான் மாங்கா கீறிக்கினு இருந்தேன். அவ பின்னாலேர்ந்து ஒருத்தன் 'அக்கா, ஓடிபி'ன்னு மரியாதையாக் கேட்டான். குனிஞ்ச தல நிமுராம போன நீட்டிட்டேன்."

பத்மாவதியின் பிடி இறுகியது. "அப்போ நளினி? எம் பொண்ணு அவனப் பாத்தாளா?"

சொல்லாமல் இருக்கலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். முடியவில்லை.

"பாத்திருப்பாக்கா. அவ செருப்பு நவுந்தது தெரிஞ்சுது. போனுக்கு அவன் கை எட்டலன்னு, நவுந்து எடம் வுட்டா."