வெளிப்பக்கம் கொக்கி வைத்த கூடாரம்

அன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக என் ரவிக்கையில் விழுந்துபோன கொக்கி ஒன்றைத் தைத்தேன். வெளியே சாரல். வெளிச்சம் போதாமல் சன்னல் பக்கம் திரும்பி, நூலைப் பல்லால் கடிக்கப் போனபோது பள்ளிக்கூடத்து ஆயா வாசலில் வந்து நின்றாள்.

"டீச்சரம்மா, நம்ம தையல் டீச்சர் மௌத்தாயிட்டாவளாம். நெஞ்சு வலிக்குன்னு சொன்னாவளாம், அவ்வளவுதானாம்."

கடிக்காத நூலோடு ரவிக்கையைக் கீழே வைத்தேன். "பல்லால கடிக்காதட்டி, கத்தரிக்கோலை எதுக்குக் கண்டுபிடிச்சான்?" என்று இத்தனை வருடமாக என்னைக் கண்டித்தவர் அவர்தான்.

பாத்திமுத்து டீச்சரை உங்களுக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. நம் பள்ளி மலரில் இதைப் படிக்கும் பழைய மாணவிகளில் பாதிப் பேர் அவரிடம் ஊசி பிடிக்கக் கற்றவர்கள். தென்காசியில் தறி ஓடும் வீட்டுப் பெண். நான் பூகோளம் நடத்த வந்த அதே வருடம் அவரும் வேலைக்குச் சேர்ந்தார். பிறர் முன்னால் என்னை "டீச்சர்" என்பார். தனியாக இருந்தால் "ஏட்டி பூகோளம்".

பையன்கள் பள்ளிக்கூடத்தில் குளக்கரையில் முகாம் போட்டுவிட்டு வந்தார்கள் என்று நம் பெண்களும் கேட்க ஆரம்பித்தது அந்த நாட்களில்தான். நம்மிடம் கூடாரம் இல்லையே என்றார் தலைமையாசிரியை. பேச்சு அதோடு முடிந்திருக்கும். பாத்திமுத்து டீச்சர் சாப்பாட்டுத் தூக்கை மூடிக்கொண்டே, "கூடாரம்னா துணிதானே டீச்சர்? துணின்னா நான்தானே?" என்றார்.

அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டு நேரமெல்லாம் திட்டம்தான். பண்பொழிப் பக்கம் ஒரு மாணவியின் அப்பாவுக்குக் குளத்தை ஒட்டித் தென்னந்தோப்பு இருந்தது. திருமலை முருகன் கோயில் மலை எதிரே தெரியும். நான் படம் வரைந்து, காற்று எந்தத் திசை, நீர் எந்தப் பக்கம் என்றெல்லாம் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நீ மலை எத்தனை அடின்னு சொல்லுத. புள்ளையளுக்குக் கக்கூஸ் எங்கனன்னு சொல்லு." படத்தில் நான் அதை வரையவே இல்லை.

பெரிய தடை அம்மாமார்கள். வீடு வீடாகப் போனோம். பேச்சியம்மாள் வீட்டில்தான் அதிக நேரம் நின்றோம். அவர் சரி என்றால் அந்தத் தெருவே சரி என்னும்.

"கதவு இல்லாத எடத்துல பொம்பளப் புள்ளைய எப்படி டீச்சர் படுக்க விடுவேன்? நாளைக்கு ஒருத்தன் ஒண்ணு சொன்னா?"

"கதவு உண்டு. கொக்கி வச்சுத் தைக்கேன்."

"கொக்கியை யாரு அடைப்பா?"

"அந்திக்கு நானே அடைப்பேன். விடிஞ்சதும் நானே திறப்பேன். போதுமா?"

பேச்சியம்மாள் பாத்திமுத்து டீச்சர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க சொல்லுதியளேன்னு விடுதேன்" என்றார். என் பக்கம் திரும்பவே இல்லை.

டீச்சர் வீட்டுத் தறியில் நெய்த காடாத்துணியைத் தையல் வகுப்பில் விரித்து வெட்டினோம். மெழுகைக் காய்ச்சித் தடவினோம். நாலு மடிப்புச் சேரும் இடத்தில் மிஷின் ஊசிகள் ஒடிந்துகொண்டே இருந்தன. ஐந்து கூடாரங்கள். பள்ளி மைதானத்தில் ஒன்றை நட்டு, வாசலை மேலிருந்து கீழாகக் கொக்கி மாட்டி, தள்ளி நின்று அழகு பார்த்தோம். தலைமையாசிரியைகூட வந்து தடவிப் பார்த்தார். ரவிக்கை மாதிரியே கச்சிதமாக இருந்தது. உள்ளே போய் மூடிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

காலாண்டு விடுமுறையில் போனோம். சாரல் ஓய்ந்திருக்கும் என்பது என் கணக்கு. மலைக்கு அது தெரியாது. அந்தி சாயும்போது மேற்கே இருந்து காற்றும் தூறலும் சேர்ந்து வந்தன. பெண்களை உள்ளே அனுப்பினோம். சற்று நேரத்தில் ஒரு கூடாரத்திலிருந்து கூச்சல்.

"டீச்சர், கொக்கி வெளியில இருக்கு! உள்ள இருந்து எப்படி மாட்ட?"

மற்ற நான்கிலிருந்தும் சிரிப்பு. பாத்திமுத்து டீச்சர் வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு அவரும் சிரித்தார். "ஆயுசு பூரா ரவிக்கை தச்ச கையாச்சே! ரவிக்கைக்காரிக்குக் கை வெளியில வரும். கூடாரத்துக்குள்ள இருக்கவளுக்குக் கை எங்கன வரும்?"

கயிறு கட்டலாம், ஊக்குக் குத்தலாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். "அதெல்லாம் வேண்டாம். நானே அடைப்பேன்னு பேச்சியம்மாகிட்டச் சொல்லியாச்சு" என்று ஒவ்வொரு கூடாரமாக மாட்டிக்கொண்டு வந்தார். கடைசியில் என்னையும் சின்னப் பெண்களோடு உள்ளே தள்ளி மாட்டினார். துணி இடைவெளி வழியே பார்த்தேன். முக்காலி, குடை, பக்கத்தில் பெட்ரோமாக்ஸ் விளக்கு.

"உள்ள வாங்க டீச்சர், நனையுதியளே!"

"நான் உள்ள வந்தா யாருட்டி மாட்டுவா? படு."

விடிந்ததும் கொக்கிகள் ஒவ்வொன்றாகக் கழலும் சத்தம் கேட்டது. குளத்தின் மேல் மூடுபனி. நனைந்த முக்காட்டோடு, தும்மிக்கொண்டே, "எந்திரிங்கட்டி, மலை அங்கனதான் நிக்கி" என்றார். பெண்கள் தண்ணீரைப் பார்க்க ஓடினார்கள். அவர் அவர்களை எண்ணிக்கொண்டு நின்றார்.

மறு வருடத்துக்குள் நான்கு கூடாரங்களின் கொக்கிகளைப் பிரித்து உள்பக்கம் வைத்தார். ஐந்தாவதைத் தொடவில்லை. கேட்டேன். "ஒண்ணு இப்படியே கிடக்கட்டும். வெளியில ஒரு ஆள் வேணும்கிறது அப்பத்தான் மறக்காது." ஒவ்வொரு முகாமிலும் அந்தக் கூடாரத்துக்குப் பக்கத்தில்தான் முக்காலி கிடக்கும். அதில் அவர்தான் இருப்பார்.

அன்று மையத்து வீட்டில் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். பேச்சியம்மாள் வந்து என் பக்கத்தில் இடம் பிடித்தார். அவருடைய கடைசி மகள் இப்போது நம் பள்ளியில்தான் படிக்கிறாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, யாரைப் பார்த்தும் இல்லாமல் கேட்டார்: "இனி யாரு அடைப்பா?"

போன வாரம் ஆசிரியர் கூட்டத்தில் தலைமையாசிரியையும் அதையே வேறு விதமாகச் சொன்னார். பாத்திமுத்து டீச்சரை நம்பித்தான் பெற்றோர் பிள்ளைகளை அனுப்பினார்கள், முகாம் இனி நடக்காது, துணி வீணாகாமல் சாயம் போட்டு நாடக மேடைக்குத் திரை தைத்துக்கொள்ளலாம் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். கூட்டங்களில் நான் பேசுவது எப்போதும் குறைவு.

அவருடைய வீட்டார் எனக்கு அவருடைய கத்தரிக்கோலைக் கொடுத்திருக்கிறார்கள். அன்று கடிக்காமல் விட்ட ரவிக்கைக் கொக்கியின் நூலை அந்தக் கத்தரிக்கோலால்தான் வெட்டினேன். ஐந்தாவது கூடாரத்தைக் கேட்காமலே பள்ளிச் சாமான் அறையிலிருந்து எடுத்து வந்துவிட்டேன். என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. இன்னும் மெழுகு மணக்கிறது.

விடுமுறை வருவதற்குள் பேச்சியம்மாள் வீட்டு வாசலில் போய் நிற்கப் போகிறேன். தனியாக. என்ன சொல்ல வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம்: அந்திக்கு நானே அடைப்பேன், விடிந்ததும் நானே திறப்பேன். இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. தலைமையாசிரியையும் இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வார்.