புழு விழாத பன்னிரண்டு படங்கள்

செங்கம் சாலையில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். எதிர்ச் சுவரில் ஏழுமலையின் முகம். கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி, பசைகூடக் காயவில்லை. சாலையைக் கடந்து கிட்டப் போனேன். படம் மங்கல். அடப் பாவிகளா, ஊருக்கெல்லாம் படம் எடுத்த மனுஷனுக்கு ஒரு தெளிவான படம் கிடைக்கவில்லையா என்று முதலில் கோபம்தான் வந்தது. பிறகு அழுதேன். இரண்டு நாளாக இருப்பது வெட்கம் மட்டும்தான். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நம் வேளாண் அலுவலகத்தில் வேலை பார்த்த உங்களுக்கு அவரைத் தெரியும். தேரடி வீதிப் பக்கம் ஸ்டுடியோ. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் விவசாயிகளுக்காக நாம் போட்ட சுவரொட்டிகளுக்கெல்லாம் அவர்தான் படம் எடுத்தார். கல்யாணத்துக்கு ஒரு கேமரா, பூச்சிக்கு ஒரு கேமரா. பூச்சிக் கேமராவில் மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ். மேல் லென்ஸ் காட்டுவதைக் குனிந்து பார்க்க வேண்டும். படம் பிடிப்பது கீழ் லென்ஸ். ஒரு சுருளில் பன்னிரண்டே படம், ஆனால் நெகடிவே தீப்பெட்டியைவிடப் பெரிது.

கிட்டத்தில் எடுக்க, அந்த இரண்டு லென்ஸிலும் தலா ஒரு கண்ணாடி வில்லையை மாட்டுவார். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். மேலே மாட்டுவதில் மட்டும் ஒரு சிவப்புப் புள்ளி இருக்கும். அது பார்வையைக் கொஞ்சம் கீழே சாய்த்துக் கொடுக்கும். அப்போதுதான் கண் பார்ப்பதும் பிலிமில் விழுவதும் ஒன்றாக இருக்கும். "எத வேணா தொடுங்க சார், இத மட்டும் தொடாதீங்க" என்பார்.

வயலில் அவருக்குக் காற்று மறிக்கக் குடை பிடிப்பது என் வேலை. ஒரு தடவை தும்மிவிட்டேன். இலைமேல் இருந்த புழுவைக் காட்டி, "நமக்குத்தான் சார் தும்மலு, அதுக்குப் புயலு" என்றார். அப்புறம் குனிந்து புழுவிடம், "கொஞ்சம் இருப்பா, சாரு இனிமே அடக்கிக்குவாரு" என்றார். சிரிப்பை அடக்குவதுதான் எனக்குப் பெரும்பாடாகப் போயிற்று.

அந்த வருஷம் கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் வேர்க்கடலையில் சுருள்பூச்சி. மழை கம்மி, அதனால் இலை காய்கிறது என்று விவசாயிகள் சும்மா இருந்தார்கள். மடிந்த இலைக்குள் இருக்கும் புழுவைப் பெரிதாகக் காட்டினால்தான் நம்புவார்கள். அரைநாள் தேடி, ஓர் இலையை ஊசியால் பிரித்து, ஸ்டாண்டைத் தாழ்வாக வைத்து, வில்லைகளை மாட்டிவிட்டு, ஏழுமலை பம்ப்செட்டுக்குத் தண்ணீர் குடிக்கப் போனார். வில்லைகளில் தூசு. பெரிய புத்திசாலி நான், இரண்டையும் கழற்றி, கைக்குட்டையால் துடைத்து, திரும்ப மாட்டினேன்.

வந்து குனிந்தவர், "என்னா சார், எல எறங்கிக்கிச்சே! ஸ்டாண்டத் தட்டினீங்களா?" என்றார்.

"இல்லீங்க ஏழுமலை, காத்துதான்."

கேமராவைக் கொஞ்சம் கீழே சாய்த்து, புழுவை நடுவில் கொண்டுவந்து, பன்னிரண்டு படத்தையும் எடுத்து முடித்தார். பையில் எடுத்து வைக்கும்போதுதான் பார்த்தேன்: சிவப்புப் புள்ளி கீழ் லென்ஸில். பையில் இன்னொரு சுருள் இருந்தது. புழுவும் அதே இலையில்தான் இருந்தது. "மாத்தி மாட்டிட்டேங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தொடாதே என்று சொன்னதைத் தொட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. படம் ஒருவேளை விழுந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, வில்லைகளைப் பெட்டியில் போட்டு மூடினேன்.

சாய்க்கும் வில்லை கீழ் லென்ஸில் இருந்ததால் படங்களில் மண்தான் விழுந்திருந்தது. தண்டின் அடியும் மண்கட்டியும் அவ்வளவு தெளிவு. இலையின் ஓரம் மட்டும் மேல் விளிம்பில் கொஞ்சம். புழு ஒன்றிலும் இல்லை. அதற்குள் பயிரும் முற்றிவிட்டது, மறுபடி எடுக்க வழியில்லை. அலுவலகத்தில் உங்கள் எல்லோர் முன்னாலும் அதிகாரி கத்தினார்: "மண்ண எடுக்கவா உன்ன அனுப்பினோம்? கண்ணு தெரியலனா தெரியலனு சொல்லுய்யா!"

"என் கண்ணுக்கு நடுவுலதான் சார் இருந்துச்சு" என்றார் ஏழுமலை. என் பக்கம் திரும்பினார். "சாரும் கூடத்தான இருந்தாரு."

"நான் குடை பிடிச்சிட்டிருந்தேன்" என்றேன்.

அதன் பிறகு நம் அலுவலகம் அவரைக் கூப்பிடவில்லை. வில்லைகளை மாட்டியது தன் கை என்பதால் அவற்றின்மேல் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. தன் கண்மேல்தான் வந்தது. சில வருஷம் கழித்து ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். மகன் படம் எடுத்துக்கொண்டிருந்தான். இவர் ஓரமாக விளக்கு பிடித்துக்கொண்டிருந்தார். "கிட்டத்துல நம்ம கண்ண நம்ப முடியல சார், பூச்சி கேமராவ வித்துட்டேன். டாக்டரு நல்லாதான் இருக்குன்றாரு. அவருக்கு என்னா தெரியும்?" என்று சிரித்தார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். பந்தியில் போய் உட்கார்ந்து பாயசம் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். த்தூ!

நேற்று துக்கம் கேட்கப் போனேன். அவர் மனைவி சரோஜா அம்மா என்னை உள்ளே அழைத்து நாற்காலி போட்டார். "உங்களப் பத்தி அடிக்கடி சொல்லுவாருங்க. அன்னிக்கு ஆபீஸ்ல ஆளாளுக்குத் திட்டினப்போ, நீங்க ஒருத்தர்தான் அவர ஒரு வார்த்த சொல்லலியாம். நல்ல மனுஷன்னு சொல்லுவாருங்க."

கொடுத்த காப்பியைக் குடித்தேன். கும்பிட்டேன். அங்கேயும் சொல்லவில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்த 'நல்ல மனுஷன்' மட்டும்தான். அதை வைத்துக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை. அன்றைக்கு அந்த அறையில் இருந்த நீங்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். சரோஜா அம்மாவுக்கு இதை நானே கொண்டுபோய்ப் படித்துக் காட்டுகிறேன். பன்னிரண்டு படத்தையும் கெடுத்தவன் நான். ஏழுமலையின் கண் நன்றாகத்தான் இருந்தது.