உறை ஊற்றிய பால்

அவள் துணி வெளுக்கும் கூடத்தில் இஸ்திரி போடுகிறவள். கணவருக்கு மறதி நோய். மகள் போன் பண்ணும்போதெல்லாம் ஒன்றையே சொல்வாள்: "அப்பாவைத் தனியா விடாதம்மா. இங்க அனுப்பிடு."

"வெறும் மறதிதான்டி. தன் வேலையத் தானே பாத்துக்கறாரு" என்று பேச்சை மாற்றிவிடுவாள். வேலையை விட்டால் மருந்துக்கு வழியில்லை. அவரை அனுப்பிவிட்டால் வீட்டில் யாருக்காக விளக்குப் போடுவது?

தயிர் இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. காலையில் உறை ஊற்றி, பாத்திரத்தைத் துண்டால் சுற்றி அலமாரிக்குள் வைத்துவிட்டுக் கிளம்புவாள். சாயங்காலம் கெட்டித் தயிராக இருக்கும். கொஞ்ச நாளாக அது உறையவே மாட்டேன் என்றது. பாலை மாற்றினாள். பக்கத்து வீட்டில் உறைமோர் வாங்கினாள். விரல் விட்டுச் சூடு பார்த்துப் பார்த்து ஊற்றினாள். சாயங்காலம் திறந்தால் திரிதிரியாக, தண்ணீராக நிற்கும்.

"உன் கை ராசி போயிடுச்சுக்கா. இனிமே புருஷனுக்குப் பாயசம் வெச்சுக் குடு" என்று சிரித்தாள் கூடவே துணி மடிக்கிறவள்.

"கிண்டலை விடுடி. பாத்திரத்துல அடி வேற பிடிச்சிருக்கு."

மடிக்கிறவளின் கை நின்றது. "உறை ஊத்தற பாத்திரத்துலயா அடி பிடிச்சிருக்கு? அப்ப உறை ஊத்தின பாலை யாரோ எடுத்துக் காய்ச்சித் திரும்ப வெச்சிடறாங்கக்கா."

"வீட்ல யாரு இருக்கா" என்று சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அவர் அடுப்புப் பக்கமே போக மாட்டார் என்று மகளிடம் அடித்துச் சொல்லியிருந்தாள்.

மறுநாள் மதியம் சொல்லாமல் வீட்டுக்கு வந்தாள். சமையலறையில் யாரும் இல்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. சுற்றி வைத்திருந்த துண்டு பர்னருக்குப் பக்கத்தில் கிடந்தது, ஒரு ஓரம் கருகி. ஓடிப்போய் அணைத்தாள்.

அவர் ஜன்னலோரம் தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவளைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"வந்துட்டியா? களைச்சுப்போய் வருவியேன்னு காபிக்குப் பால் வெச்சேன்."

எத்தனையோ வருஷம், அவள் வேலை விட்டு வரும் நேரத்துக்கு அவர்தான் காபி போட்டு வைப்பார்.

"எப்பங்க வெச்சீங்க?"

அவர் யோசித்தார். "எதை?"

அவள் உள்ளே போய் அடுப்பைத் துடைத்தாள். கருகிய துண்டை அவர் கண்ணில் படாமல் மடித்து வைத்தாள். பிறகு வாசலுக்கு வந்து மகளுக்குப் போன் போட்டாள்.

"அப்பாவை அங்க கொண்டுவந்து விடறேன்டி."

மகள், நான் அப்பவே சொன்னேனே என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

"நாளைக்கே வாங்கம்மா."

"நாலு நாள் லீவு சொல்லிட்டு அவர்கூட வீட்ல இருக்கப் போறேன். அதுவரைக்கும் இங்கயே இருக்கட்டும்."

எதற்கு என்று மகள் கேட்கவில்லை.