வலது காதும் மூன்று பள்ளிக்கூடங்களும்

போன வெள்ளிக்கிழமை சந்தையில் சிவலிங்கம் அண்ணை என்னை மறித்துக்கொண்டார். எங்கள் ஒழுங்கையில்தான் இருக்கிறார். இந்தப் பத்தியைத் தவறாமல் வாசிக்கிறவர்.

“தம்பி, டவுன் பள்ளிக்கூடத்தில இடம் கிடைச்சும் மகளை ஏன் அந்த வயல்கரைக் கொட்டில்ல விட்டனீங்கள்? அது மலைநாட்டுத் தோட்டத்துச் சனத்தின்ர பிள்ளையள் படிக்கிற இடமெல்லோ...”

கையில் மீன் பை. வெயில். சிரித்து மழுப்பிவிட்டு வந்துவிட்டேன். அண்ணை, பதில் இங்கே இருக்கிறது.

மகள் வானதிக்கு ஐந்து வயது முடிந்து, இந்த ஜனவரியில் ஆண்டு ஒன்று. வவுனியாவில், நாங்கள் இருக்கும் நெளுக்குளம் பக்கத்திலிருந்து சைக்கிளில் போகக்கூடிய தூரத்தில் மூன்று ஆரம்பப் பாடசாலைகள். மூன்றும் அரசாங்கப் பள்ளிக்கூடங்கள்தான். நான் ஒரு கொப்பியில் கோடு போட்டுப் புள்ளி வழங்கத் தொடங்கினேன். டவுன் பள்ளிக்கூடத்துக்கு மாடிக் கட்டடம், குழாய்த் தண்ணீர், புலமைப்பரிசில் எடுத்த பிள்ளைகளின் பெயர்கள் சுவரில் பெயின்ற்றில். முழுப் புள்ளி. இரண்டாவதில் காலையில் ஒரு பள்ளிக்கூடம், பின்னேரம் இடம்பெயர்ந்து வந்த இன்னொன்று. எங்களுக்குப் பின்னேரம்தான் இடமாம். ஐந்து வயதுப் பிள்ளை பொழுதுபட சோதனைச் சாவடி தாண்டி வருவதா? மனைவி மலர் ஒரே சொல்லில் வேண்டாம் என்றாள்.

மூன்றாவது வயல்கரையில், தென்னோலைக் கிடுகுக் கூரையும் அரைச்சுவருமாக ஒரு கொட்டில். அதற்கு நான் வீதியில் நின்றபடியே புள்ளி போட்டேன். உள்ளே போகவில்லை.

கொப்பியில் நான் எழுதாத விஷயம் ஒன்று இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் கிளிநொச்சியில் எங்கள் வளவுக்குள் ஷெல் விழுந்த நாளிலிருந்து வானதிக்கு வலது காது கேட்பதில்லை. யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் சேர்க்கமாட்டார்களோ என்ற பயம். சேர்த்தாலும் பட்டப்பெயர் வைத்துவிடுவார்களோ என்ற பயம்.

டவுன் பள்ளிக்கூடத்து அதிபர் நல்ல மனிதர். கதிரை போட்டு இருத்தினார். பெரிய மண்டபம், நடுவில் மறைப்பு இல்லாமல் நான்கு வகுப்புகள். அதிபர் வானதியின் வலது பக்கம் நின்று பெயர் கேட்டார். இரண்டு தரம் கேட்டார். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் முந்திக்கொண்டு பெயரைச் சொன்னேன். வெட்கம் போல என்றார் அவர். நானும் தலையாட்டினேன்... அனுமதி கிடைத்துவிட்டது.

திரும்பி வரும் வழியில் சைக்கிள் பாரில் இருந்தபடி வானதி கேட்டாள்:

“அப்பா, அங்க ஏன் எல்லாரும் ஒண்டாக் கதைக்கினம்?”

வீட்டுக்கு வந்து மலருக்குச் சொன்னேன். அவள் சமைத்துக்கொண்டிருந்த அடுப்பை நூர்த்துவிட்டு, அந்தக் கொட்டிலையும் பார்த்துவிட்டு வருவோம் என்று கிளம்பினாள்.

அங்கே ஆண்டு ஒன்றுக்குப் பொறுப்பு புஷ்பராணி ரீச்சர். மலையகத்திலிருந்து வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறிய குடும்பத்துப் பெண். பேச்சில் அந்த மண் இன்னும் இருக்கிறது. எங்களோடு பேசிக்கொண்டே வானதியைக் கவனித்தபடி இருந்தார். பிறகு எழும்பி, அவளுக்கு இடது பக்கமாக வந்து குந்திக்கொண்டு பெயரைக் கேட்டார். வானதி பெயரைச் சொன்னாள். எங்கள் வீட்டு ஆட்டின் பெயரையும் சேர்த்துச் சொன்னாள்.

ரீச்சர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“மத்தப் பக்கம் கேக்கலயா, சார்? இத நீங்க முதல்லயே சொல்லணும். சொல்லாட்டி நான் பிள்ளைய மக்குன்னு நெனச்சிருப்பேனே.”

மலர் அழுதுவிட்டாள். இரண்டு வருடமாக நான் பிள்ளையைப் பாதுகாக்கிறேன் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்?

டவுன் அனுமதிக் கடிதத்தை அடுத்த நாளே திருப்பிக் கொடுத்தேன். வானதிக்கு இப்போது முன் வாங்கில் வலப்பக்கத் தொங்கல், கடைசி இடம். ரீச்சரும் மற்றப் பிள்ளைகளும் அவளுடைய கேட்கும் காதுப் பக்கம்.

கிடுகு மழைக்கு ஒழுகும். குழாய் கிடையாது. இதையெல்லாம் மறைக்கவில்லை.

ஆனால் இந்தத் திங்கட்கிழமை, வானதி மறந்துவிட்டுப் போன தண்ணீர்ப் போத்தலைக் கொடுக்கப் போனேன். இடைவேளை. இரட்டைப் பின்னல் போட்ட ஒரு சின்னப் பெண் அவளிடம் எதையோ சொல்ல ஓடி வந்தாள். வந்தது வலது பக்கத்தால். கிட்ட வந்ததும் நின்று, பின்னால் சுற்றி, இடது பக்கம் போய், காதோடு சொன்னாள். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தப் பெண், அண்ணை சொன்ன அதே தோட்டத்துப் பிள்ளைகளில் ஒருத்தி.

போத்தலை அரைச்சுவரில் வைத்துவிட்டு, அவள் காணமுன் வந்துவிட்டேன்.

பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் தேடுகிற பெற்றோரே, உள்ளே போனதும் உங்கள் பிள்ளையைப் பற்றிய உண்மையை முதலில் சொல்லிவிடுங்கள் — அதைக் கேட்டு எந்த ரீச்சரின் முகம் சுருங்கவில்லையோ, அங்கே விடுங்கள்.