கறுப்பு மணலுக்கு ஒரு சக்கர நாற்காலி

பஞ்சர் கடைக்காரர் விடுமுறைக்குப் போக ஆசைப்பட்டதே இதுதான் முதல் தடவை. எரிமலைத் தீவுக் கடலில் மனைவி கால் நனைக்க வேண்டும். விபத்துக்குப் பிறகு அவள் சக்கர நாற்காலியில்தான்.

"மணல்ல சக்கரம் புதைஞ்சிடும்பா. பால்கனியில இருந்தே கடலைப் பாக்கட்டும்" என்று மகள் அங்கே விடுதிகளில் மாடி அறையாகத் தேடினாள்.

மனுஷன் நேரே கடைக்குப் போனார். ஒட்டுப் போட்ட பழைய டியூப்களை வைத்துப் பூசணிக்காய் மாதிரி பருத்த சக்கரங்கள் செய்து நாற்காலியில் மாட்டினார். தெருமுனையில் கொட்டியிருந்த கட்டட மணலில் மனைவியை வைத்துத் தள்ளினார். நாற்காலி புதையாமல் வழுக்கிக்கொண்டு போனது.

"அந்தத் தீவு மணல் கறுப்பாமே, வெயில்ல அடுப்பா கொதிக்குமாம். உங்க ஒட்டு தாங்குமாங்க?" என்றாள் அவள்.

சூட்டில் ஒட்டு விட்டுவிடும் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறவரே அவர்தான். முனகிக்கொண்டே எல்லாவற்றையும் பிரித்து, கடையில் விற்க வைத்திருந்த புது டியூப்களைப் போட்டார். கொதிக்கும் தகரக் கூரைமேல் அவற்றைப் பகலெல்லாம் காயவிட்டார். பொட்டுக் காற்றுகூட இறங்கவில்லை.

மகள் மாடி அறையை விட்டுவிட்டுக் கடலோரமாகக் கீழ்த்தள அறை எடுத்தாள்.

"அம்மாவுக்கு நீச்சல் உடுப்பு என்ன அளவுப்பா?"

"அவளையே கேளு. எனக்கு டயர் அளவுதான் தெரியும்."