ஆயர் கேட்ட இடம்

குருப்பட்டம் வாங்கிய கையோடு அவர் துறைமுகத்துக் கோயிலுக்கு உதவிச் சாமியாராகப் போனார். பதினோரு மாதம்தான். மூட்டை தூக்குகிறவர்கள் வேலை முடிந்து வியர்வையோடு வந்து, செய்த பாவத்தைச் சொல்லி மன்னிப்பு வாங்கும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசை கட்டுவார்கள். கேட்டுக் கேட்டு அவருக்குக் காது மரத்துப்போகும். ஆனாலும் மனசு நிறைந்திருந்தது. அப்போதைய ஆயர் அவருடைய கடிதம் ஒன்றைப் பார்த்துவிட்டார்.

"எழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கே! ஒரு மூணு மாசம் ஆபீஸ்ல உக்காருங்க."

மூன்று மாதம் ஐம்பது வருடமாக இழுத்தது. செயலாளர், முதன்மைக்குரு, ஐம்பத்திரண்டு வயதில் ஆயர். ஒவ்வொரு தடவையும் "என்னை ஏதாவது பங்குக் கோயிலுக்கு அனுப்பிடுங்க" என்று கெஞ்சினார். ஒவ்வொரு தடவையும் இன்னும் பெரிய நாற்காலியாகப் பார்த்துப் போட்டார்கள். இந்தச் சாமியாரை எங்கே மாற்றுவது, அந்தப் பள்ளிக்கூடச் சுவர் யாருக்குச் சொந்தம் என்பதிலேயே ஆயுசு கரைந்தது.

எழுபத்தைந்து முடிந்ததும் முறைப்படி ரோமுக்கு விலகல் கடிதம் அனுப்பினார். இரண்டு வருடம் பதிலே இல்லை. தையல்கடை வைத்திருந்த தங்கைதான் வாயைக் கிளறினாள்.

"கேட்டா கெடைக்கும்னு ஊருக்கெல்லாம் பிரசங்கம் பண்றியேண்ணா, உன் லெட்டருக்கே பதில காணோம்?"

"நீ வேற எரிச்சலக் கிளப்பாதே" என்று போனை வைத்துவிட்டார்.

ஒருவழியாக விடுதலை வந்தது. நேரே துறைமுகத்துக் கோயிலுக்குப் போய், உதவிச் சாமியாராக இருக்கிறேன் என்றார். அங்கிருந்த பங்குச்சாமியார் நெளிந்தார்.

"ஆண்டவரே, நீங்க உக்காந்திருந்தா எனக்குப் பிரசங்கமே வராது."

"காலைப் பூசைக்கு வரல. பாவசங்கீர்த்தனம் கேக்குற வேலைய மட்டும் குடுங்க, போதும்."

முதல் நாள் மாலை நான்கு மணிக்கே பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குள் போய் உட்கார்ந்தார். ஐந்தரைக்கு ஒரு பெண் வந்து முழந்தாளிட்டாள். அவர் காதைச் சாய்த்துக் கொடுத்தார்.

"ஆண்டவரே, எங்க பங்குச்சாமியார மாத்திவிடுங்க. பாட்டுக்குழுவுல எம்பொண்ண சேக்க மாட்டேங்கிறாரு."

"அதெல்லாம் இப்ப என் கையில இல்லம்மா. பாவம் ஏதாவது இருந்தா சொல்லு."

"அய்யய்யோ! ஆயர்கிட்ட போயி யாராவது பாவத்தச் சொல்லுவாங்களா?"

அவள் எழுந்து போய்விட்டாள். அடுத்து வந்தவருக்குக் கல்லூரிச் சிபாரிசு. அதற்கடுத்தவருக்குக் கல்லறையில் இடம். ஆறரைக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தபோது அவருக்கு முகம் கடுகடுவென்றிருந்தது.

மறுநாளும் நான்கு மணிக்குப் போனார். அந்த வருடம் முழுக்கப் பாவம் என்று சொல்லி அவரிடம் வந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.