சாம்பசிவத்தின் ‘கேன்’

பக்கவாதம் வந்தபோது சாம்பசிவத்துக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சில் மிஞ்சியது ஒரே ஒரு ஆங்கிலச் சொல்: கேன். மலேசியாவின் ஜொகூரில் அது ஒன்றே போதும், பாதி வாழ்க்கையை ஓட்டிவிடலாம். முடியும், சரி, முடியுமா, எல்லாம் அதுதான். அரசாங்க அலுவலகத்தில் முப்பது வருடம் வந்தவர்களையெல்லாம் “கேனாட்” என்று திருப்பி அனுப்பியவர். இப்போது அந்த “நாட்” மட்டும் வாயில் வரவில்லை.

பெர்மாஸ் ஜெயா வீட்டில் அவரைப் பார்த்துக்கொள்ள வந்த கிருஷ்ணம்மா லாபிஸ் எஸ்டேட்டில் பிறந்தவர். வேலை பார்த்த தொழிற்சாலையை மூடியதும் ஐம்பதாவது வயதில் பராமரிப்புப் பயிற்சி எடுத்தவர். இரண்டே வாரத்தில் சாம்பசிவத்தின் ராகம் பிடிபட்டது. இழுத்துச் சொன்னால் கழிப்பறை. வெடுக்கென்று வந்தால் டீயில் சீனி போதவில்லை. ஆனால் ராகத்தை நம்பிக் கிருஷ்ணம்மா எதையும் முடிவு செய்வதில்லை. கைக்கொரு பொருளாக நீட்டுவார். இடது கையால் ஐயா எதைத் தொடுகிறாரோ அதுதான் பதில்.

சனிக்கிழமை சிங்கப்பூரிலிருந்து மகன் சிறீகாந்தன் வந்தான். வீட்டைப் பூட்டிவிட்டு அப்பாவை யோங் பெங் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்ப்பதாகத் திட்டம். அந்த இல்லத்தின் வண்ண விளம்பரத்தாள் அவன் கையில் இருந்தது.

“அப்பா, அங்க போவமே? கேன்?”

“கேன்.”

“பாத்தீங்களே அக்கா, அவரே ஓமெண்டிட்டார்.”

கிருஷ்ணம்மா மடித்துக்கொண்டிருந்த துண்டைக் கீழே வைத்தார்.

“ஐயா, மீசைய எடுத்துடலாமா?”

“கேன்.”

“என்னைக் கட்டிக்கிறீங்களா?”

“கேன்!” முன்னதைவிடப் பலமாக வந்தது.

“அலமாக்!” என்று தலையில் கை வைத்தான் சிறீகாந்தன்.

“போன வாரம் இன்சூரன்ஸ் விக்க வந்தவனுக்கும் இதே கேன்தான். நாந்தான் வெரட்டி விட்டேன் லா. அந்தத் தாளைக் குடுங்க தம்பி.”

கிருஷ்ணம்மா ஒரு கையில் தாளும் மறு கையில் வீட்டுச் சாவியுமாக நீட்டினார். சாம்பசிவம் தாளையே பார்த்தார். மகனின் முகம் மலரத் தொடங்கியது. இடது கை சாவியைப் பறித்துத் தொடைக்கடியில் செருகிக்கொண்டது.

“கை மாத்தி இன்னொரு தரம் கேக்கணும், அதான் முறை. சாவியக் குடுங்க ஐயா.”

சாம்பசிவம் சாவியைத் தரவில்லை. பிறகு வாய் திறந்து இழுத்தார்: “கே...ன்.”

“இது என்ன?” என்றான் மகன்.

“பாத்ரூம். தாள ஓரமா போட்டுட்டு வாங்க. ஐயா இங்கதான் இருக்கப் போறாரு. எப்படித் தூக்கணும்னு கத்துக்குங்க.”